வால்வு ஆம்ப்ல கப்ளிங் கண்டென்சர் மாத்தப் போறீங்களா? மொதல்ல மீட்டர எடுங்க

வால்வு ஆம்ப் புதுசா வாங்கினவங்களும் சரி, தாத்தா காலத்து மர்ஃபி ரேடியோவ பரண்லேந்து எறக்குனவங்களும் சரி, கொஞ்ச நாள்ல ஒரே கேள்வில வந்து நிக்காங்க. கப்ளிங் கண்டென்சர மாத்தினா சவுண்டு மாறுமாமே, எந்தக் கம்பெனி போடலாம், ஜெர்மனி மால் வாங்கலாமா ரஷ்யா ஆயில் கண்டென்சர் வாங்கலாமான்னு. மாறும், மாறாம என்ன. ஆனா அந்த மாத்தத்துல முக்காவாசி கம்பெனி பேரால வாறது இல்ல, பழசு லீக்காகிக் கெடந்திருக்கும், இல்லன்னா மைக்ரோ ஃபாரட் கணக்கு தப்பா இருந்திருக்கும், புதுச போட்டதும் அது சரியாயிட்டு, நாம என்னமோ வெள்ளிக் கம்பிதாம் பாடுதுன்னு நெனச்சுக்கிடுதோம். அதனால காசு செலவு பண்ணுததுக்கு முன்னால பாக்க வேண்டியத எந்த வரிசைல பாக்கணும்னு சொல்லுதேன், புதுசா சால்டரிங் அயர்ன் புடிக்கிறவங்களுக்கு.

இந்தக் கண்டென்சருக்கு என்ன வேலைன்னு மொதல்ல பாத்துருவோம். ஒரு வால்வோட பிளேட்ல, அதாவது சிக்னல் வெளிய வாற முனைல, பாட்டு சிக்னல் சில வோல்ட்டு, சில இடத்துல பத்து இருவது வோல்ட்டு ஆடும், ஆனா அது 150, 200 வோல்ட் டிசி மேல ஏறி உக்காந்துதாம் ஆடும். அடுத்த வால்வோட கிரிட்டுக்கு, அதாவது சிக்னல் உள்ள போற முனைக்கு, பாட்டு மட்டும் போகணும், டிசி போகப்பிடாது. நடுவுல நின்னு டிசிய மறிச்சு பாட்ட மட்டும் விடுததுதாம் கப்ளிங் கண்டென்சர். கிரிட்டுலேந்து தரைக்கு ஒரு ரெசிஸ்டர் போகும், அதுக்குப் பேரு கிரிட் லீக், 220 கிலோ ஓம், 470 கிலோ ஓம், 1 மெகா ஓம்னு பாத்திருப்பீங்க. கண்டென்சரும் இந்த ரெசிஸ்டரும் ஜோடி, ஒண்ண விட்டுட்டு இன்னொண்ணப் பத்திப் பேச முடியாது.

உள்ள கைய விடுததுக்கு முன்னால ஒரு எச்சரிக்கை, இத தாண்டிப் போயிராதீங்க. பிளக்க புடுங்கினதும் ஆம்ப் செத்துட்டுன்னு நெனைக்கப்பிடாது, பவர் சப்ளைல இருக்க பெரிய ஃபில்டர் கண்டென்சர் 300, 400 வோல்ட்ட புடிச்சு வச்சிக்கிட்டு கெடக்கும். 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு எடுத்து ரெண்டு முனைலயும் நல்ல இன்சுலேசன் உள்ள க்ளிப் வயர் சேத்துக்கிடுங்க, ஒரு க்ளிப்ப மொதல்ல சேசிஸ்ல (ஆம்போட உலோக அடித்தட்டு) மாட்டிட்டு இன்னொண்ண பி பிளஸ் லைன்ல (வால்வுகளுக்குப் போற உயர் டிசி வோல்ட்டேஜ்) ஒத்தக் கையால வச்சு பத்து எண்ணுங்க, பொறவு மீட்டர்ல பாருங்க, அஞ்சு வோல்ட்டுக்குக் கீழ வந்தாத்தாம் தொடணும். ஸ்க்ரூடிரைவர வச்சு படார்னு ஷார்ட் பண்ணுத பழக்கம் சில பேருகிட்ட உண்டு, அது கண்டென்சருக்கும் கெடுதி உங்க கண்ணுக்கும் கெடுதி. செட்டு ஆன்ல இருக்கும்போது அளக்குறதுன்னா செருப்பு போட்டுக்கிடுங்க, எடது கைய பாக்கெட்டுல வச்சிருங்க. இன்னொண்ணு, பழைய ரேடியோல வால்வு பேரு யூ ல ஆரம்பிச்சா, யூசிஎல் 82, யூஎல் 84 இந்த மாரி, அந்த செட்டுல டிரான்ஸ்ஃபார்மர் தடுப்பு இருக்காது, சேசிஸ்லயே மெயின்ஸ் கரண்ட் வரும், கத்துக்கிடுதவங்க அத மூடி வச்சிட்டு வேற செட்டு எடுங்க.

இப்ப மொத வேலை, லீக் பாக்குறது. மல்டி மீட்டர ஓம்ஸ்ல வச்சு கண்டென்சர பாத்துட்டு "நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி"ன்னு வாறவங்க நெறைய. மீட்டர் குடுக்குறது ரெண்டு மூணு வோல்ட்டு, அங்க 200 வோல்ட் நிக்கும்போதுதாம் அது யோக்கியதய காட்டும். அதனால ஆம்போட வோல்ட்டேஜ வச்சே சோதிக்கணும்.

சுளுவான வழி இது. பயாஸ்னா வால்வு எவ்வளவு கரண்ட் இழுக்கணும்னு கட்டுப்படுத்த கிரிட்டுக்கு வைக்கிற மைனஸ் வோல்ட்டேஜ். கேத்தோட் பயாஸ் உள்ள ஆம்ப்னா, அதாவது ஸ்பீக்கர ஓட்டுத அவுட்புட் வால்வோட கேத்தோட்டுக்கும் தரைக்கும் நடுவுல ரெசிஸ்டர் இருந்துச்சுன்னா, கிரிட் பின்ல டிசி வோல்ட்டேஜ் பூஜ்யம் காட்டணும். ஸ்பீக்கர மாட்டி வச்சே, மீட்டர டிசி வோல்ட்ல போட்டு கருப்பு சேசிஸ், செவப்பு கிரிட் பின். ஒரு வோல்ட்டு, அர வோல்ட்டு பிளஸ்ல நின்னுச்சுன்னா எங்கயோ கோளாறு. உடனே கண்டென்சர் மேல பழிய போட்டுராதீங்க, வால்வுல காத்துக் கசிஞ்சிருந்தாலும், கிரிட் சூடாகி அதுவே எலக்ட்ரான் விட ஆரம்பிச்சாலும் இதே மாரி பிளஸ் காட்டும். ஆஃப் பண்ணி, ஆறவிட்டு, அந்த அவுட்புட் வால்வ கழட்டிட்டு திரும்ப ஆன் பண்ணி அதே பின்ல பாருங்க. வால்வு இல்லாமயும் பிளஸ் நின்னா கண்டென்சர் லீக், வால்வு போட்டா மட்டும் வந்தா வால்வுதாம் கள்ளன். வால்வு இல்லாதப்ப பி பிளஸ் வழக்கத்த விட மேல ஏறும், அதனால நெறைய நேரம் ஓடவிடாம பாத்துட்டு ஆஃப் பண்ணிருங்க.

துல்லியமா பாக்கணும்னா கண்டென்சரோட கிரிட் பக்கத்து காலை மட்டும் சால்டர் எடுத்து தூக்கிருங்க, கிரிட் லீக் ரெசிஸ்டர் அதே எடத்துல இருக்கட்டும், அப்பதாம் வால்வுக்கு பயாஸ் கெடைக்கும். தூக்கின காலுக்கும் சேசிஸுக்கும் நடுவுல மீட்டர். சாதாரண டிஜிட்டல் மீட்டருக்கு உள்ள 10 மெகா ஓம் இருக்கும், அதனால காட்டுத ஒவ்வொரு வோல்ட்டும் 0.1 மைக்ரோ ஆம்பியர் லீக்குன்னு அர்த்தம். ஆன் பண்ணினதும் நம்பர் மேல எகிறும், பயந்துராதீங்க, கண்டென்சர் சார்ஜ் ஆகுது. நல்ல ஃபிலிம் கண்டென்சர்னா சில நொடில சரசரன்னு எறங்கி மில்லி வோல்ட் கணக்குல வந்துரும். பழைய மெழுகுப் பேப்பர் கண்டென்சர்னா 20ல வந்து நிக்கும், கொஞ்ச நேரம் யோசிக்கும், பொறவு சேசிஸ் சூடாக சூடாக 22, 25ன்னு மெல்ல மேல ஏறும், அத பாத்துட்டா அதுக்கு மேல சாட்சி வேண்டாம். 1 வோல்ட்டுக்கு மேல நின்னாலே நான் மாத்திருவேன். அதனால அன்னைக்கே செட்டு எரிஞ்சிராது, ஆனா லீக் ஆரம்பிச்ச பேப்பர் திரும்ப நல்லா ஆன கத கெடையாது. செட்டு ஆன் பண்ணி அர மணி நேரம் கழிச்சுப் பாக்கணும், சூடாகாம இருக்கும்போது நல்ல பிள்ளையா நடிக்கும்.

இது ஏன் சவுண்டுல தெரியுதுன்னு கணக்கா பாருங்க. பிளேட்ல 150 வோல்ட், கண்டென்சரோட இன்சுலேசன் 10 மெகா ஓமுக்கு எறங்கிட்டு, கிரிட் லீக் 470 கிலோ ஓம், கிரிட்டுல வந்து நிக்கிறது கிட்டத்தட்ட 6.7 வோல்ட் பிளஸ். இஎல் 84 வால்வுக்கு பயாஸே 7 வோல்ட்டு சொச்சம் மைனஸ்தாம், 1 வோல்ட் மாறினா பிளேட் கரண்ட் 11 மில்லி ஆம்பியர் மாறும்னு அதோட டேட்டாஷீட் சொல்லுது. கேத்தோட் ரெசிஸ்டர் கொஞ்சம் இழுத்துப் புடிக்கும், ஆனாலும் வால்வுக்கு பயாஸ் போயி, பிளேட் செவந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும். அம்பாசமுத்திரம் பக்கத்துலேந்து வந்த ஒரு ரேடியோவுக்குச் சொன்ன கம்ப்ளைண்ட் இதுதாம்: "அண்ணாச்சி, பாட்டு போட்ட ஒடன நல்லா இருக்கு, ஒரு கால் மணி நேரத்துல தொண்டை கட்டின மாரி கரகரன்னு ஆயிருது". சேசிஸ கவுத்தா கண்டென்சர்லேந்து மெழுகு உருகி கீழ சாக்கெட் மேல வடிஞ்சு உறைஞ்சு கெடக்கு. மேக்க தென்காசி, குத்தாலம் பக்கம் சாரல் காத்து புடிச்ச வீட்டுல வருசக்கணக்கா கெடந்த செட்டுன்னா இன்னும் சந்தேகமா பாருங்க, பேப்பர் ஈரத்த குடிக்கிற சாமான். அந்த செட்டுல இருந்தது பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் இஎல் 84, சவம் அவ்வளவு சூட்டயும் தாங்கிக்கிட்டு உசுரோட கெடந்துச்சு, கண்டென்சர் மாத்தினதும் பாடிட்டு.

லீக் இல்லன்னு தெரிஞ்ச பொறவுதாம் மதிப்பு. கீழ் சத்தம் எங்கேந்து குறைய ஆரம்பிக்கும்னு பாக்க சுருக்குக் கணக்கு ஒண்ணு இருக்கு, கிலோ ஓமையும் மைக்ரோ ஃபாரடையும் பெருக்கி 159ஐ அதால வகுத்தா ஹெர்ட்ஸ்ல விடை வரும். 470 கிலோ ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரடும்னா 47, 159ஐ 47ஆல வகுத்தா 3.4 ஹெர்ட்ஸ். 1 மெகா ஓமுக்கு 0.022 போட்டிருந்தா 7 ஹெர்ட்ஸ் சொச்சம். ரெண்டும் நல்லது. ஆனா 220 கிலோ ஓமுக்கு அதே 0.022ன்னா 33 ஹெர்ட்ஸ், அந்த எடத்துல சத்தம் 3 டெசிபல் எறங்கி இருக்கும், தவிலோட எடது பக்கத்து முழக்கம் மெலிஞ்சு போவும். ஆம்புக்குள்ள இந்த மாரி ரெண்டு மூணு ஜோடி வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணும் அதது பங்குக்கு குறைக்கும், அதனால எல்லாத்தயும் தனித்தனியா கணக்குப் போட்டுப் பாருங்க. நல்ல ஹைஃபை ஆம்புக்கு ஒவ்வொரு ஜோடியும் 3லேந்து 8 ஹெர்ட்ஸுக்குள்ள இருந்தா எனக்குப் போதும்.

"அப்ப பெருசா போட்டா பேஸ் இன்னும் வருமே, 0.1 எடுத்துட்டு 1 மைக்ரோ போட்டுருவோம்"னு அடுத்து கேப்பீங்க. அங்கதாம் பல பேரு ஏமாறுதாங்க. ஆம்ப கொஞ்சம் தொறந்து விட்டு, கோயில் கொடைல வாசிக்கிற மாரி தவில் ஒரு அடி ஓங்கி அடிக்கும்போது அவுட்புட் வால்வோட கிரிட் ஒரு கணம் பிளஸுக்குப் போவும், கிரிட் கரண்ட் ஓடும், அந்தக் கரண்ட் கப்ளிங் கண்டென்சர சார்ஜ் பண்ணிரும். அடி முடிஞ்ச பொறவும் கண்டென்சர் அந்த சார்ஜ புடிச்சு வச்சிருக்க வரைக்கும் வால்வு மைனஸ்ல அமுங்கிக் கெடக்கும், அடுத்து வாற மெல்லிய சத்தம் நசுங்கி வரும். இதுக்குப் பேரு பிளாக்கிங் டிஸ்டார்சன். மீண்டு வாற நேரம் கண்டென்சரையும் கிரிட் லீக்கையும் பெருக்கினா வாற கணக்குத்தாம், 0.1க்கும் 470 கிலோ ஓமுக்கும் 47 மில்லி செகண்ட், 1 மைக்ரோவுக்கு அதே 470 மில்லி செகண்ட், கிட்டத்தட்ட அர செகண்ட். அதுக்குள்ள தவில்காரர் எத்தன சொல்லு அடிச்சிருப்பாரு. சில ஆம்ப் சின்னதா ஓடும்போது நல்லா இருந்துட்டு வால்யூம் ஏத்தினா "மூச்சு முட்டுது"ன்னு சொல்லுதாங்கல்லா, அதுல இதுக்கும் ஒரு பங்கு உண்டு, கண்டென்சர பெருசாக்கி அத இன்னும் மோசமாக்கிக்கிடாதீங்க.

ரெக்கார்டு ப்ளேயர் வச்சிருக்கவங்களுக்கு கண்டென்சர பெருசாக்கினா இன்னொரு தொல்லை. வளைஞ்ச எல்பி தட்டு 33 ஸ்பீடுல சுத்தும்போது செகண்டுக்கு அர தடவ ஊசிய மேல கீழ தூக்கும், ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேந்து 10 ஹெர்ட்ஸ் பக்கத்துல தனியா ஒரு ஆட்டம் போடும். இதெல்லாம் காதுக்கு கேக்காது, ஆனா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரோட இரும்புக் கோர் திணறிப் போவும், ஸ்பீக்கர் கோன் சும்மா முன்ன பின்ன ஆடுறத கண்ணால பாக்கலாம். நெகட்டிவ் ஃபீட்பேக், அதாவது அவுட்புட்ல கொஞ்சத்த தலைகீழா திருப்பி உள்ள விடுத ஏற்பாடு, உள்ள ஆம்ப்னா மதிப்ப இஷ்டத்துக்கு மாத்தவே மாத்தாதீங்க. கண்டென்சர் ஜோடி ஒவ்வொண்ணும் கீழ்ப்பக்கம் சிக்னலோட கட்டத்த (ஃபேஸ்) திருப்பும், டிரான்ஸ்ஃபார்மரும் தன் பங்குக்குத் திருப்பும், எல்லாம் ஒரே எடத்துல சேந்துட்டா ஃபீட்பேக் தலைகீழாகி, பாட்டே இல்லாம ஸ்பீக்கர்ல டுப்டுப்டுப்னு மோட்டார் படகு மாரி சத்தம் வரும். 1947ல வில்லியம்சன்னு ஒரு இன்ஜினியர் ஒயர்லெஸ் வேர்ல்டு பத்திரிகைல போட்ட பேர் பெத்த ஆம்ப்லயே கீழ்ப்பக்க ஸ்டெபிலிட்டி ரொம்ப இறுக்கம்னு சொல்லுவாங்க, நாம எந்த மூலைக்கு. ஒரிஜினல் சர்க்யூட்ல என்ன போட்டிருக்கோ அதே மதிப்பு போடுங்க. கண்டென்சர விட்டுட்டு கிரிட் லீக்க கூட்டி பேஸ் கொண்டு வரலாம்னும் நெனைக்காதீங்க, இஎல் 84க்கு கேத்தோட் பயாஸ்னா 1 மெகா ஓம், தனி மைனஸ் சப்ளை வச்ச ஃபிக்ஸட் பயாஸ்னா 300 கிலோ ஓம், அதுக்கு மேல போடப்பிடாதுன்னு கணக்கு இருக்கு.

வோல்ட்டேஜ்ல கஞ்சத்தனம் வேண்டாம். ஓடும்போது பிளேட்ல 150 வோல்ட்தானேன்னு 250 வோல்ட் கண்டென்சர் போட்டுட்டு போறாங்க. டயோடு ரெக்டிஃபையர் வச்ச ஆம்ப்ல சுவிட்ச போட்ட ஒடனே முழு பி பிளஸ் வந்துரும், வால்வு சூடாகி கரண்ட் இழுக்க பத்து இருவது நொடி ஆவும், அது வரைக்கும் கண்டென்சர் மேல 350, 400 வோல்ட் முழுசா நிக்கும். 630 வோல்ட் வாங்கிருங்க, வெல வித்தியாசம் பெருசா இல்ல.

கடைல வாங்கும்போது எழுத்து படிக்கத் தெரிஞ்சுக்கிடுங்க. திருநெல்வேலி ஜங்சன்ல கேட்டாலும் டவுன்ல கேட்டாலும் மொதல்ல ஃபேன் கண்டென்சரத்தாம் எடுத்து வைப்பாங்க, ஃபிலிம் கண்டென்சர்னு சொல்லி கேளுங்க, கெடைக்கலன்னா மெட்ராஸ் ரிச்சி தெருவுலேந்தோ ஆன்லைன்லயோ வரவழைங்க. 104ன்னு போட்டிருந்தா 0.1 மைக்ரோ, 223ன்னா 0.022, 473ன்னா 0.047, 224ன்னா 0.22. கூடவே 2ஜே ன்னு இருந்தா 630 வோல்ட், 2ஜி ன்னா 400, 2ஏ ன்னா வெறும் 100, அது நமக்கு ஆவாது. கடைசில தனியா ஜே ன்னு இருக்கது 5 சதவீத டாலரன்ஸ், கே ன்னா 10. எம்கேபி, சிபிபி ன்னு இருந்தா பாலிப்ரொப்பிலீன், எம்கேடி, சிஎல் ன்னா பாலியஸ்டர். செராமிக் டிஸ்க் மட்டும் சும்மா குடுத்தாலும் கப்ளிங்குக்கு போடாதீங்க, இந்த மதிப்புல வாற செராமிக்குல வோல்ட்டேஜுக்கு தக்கன மைக்ரோ ஃபாரட் மாறும், பென்சிலால தட்டினா ஸ்பீக்கர்ல டிங்குன்னு கேக்கும்.

இனி நீங்க ஆசையா காத்திருந்த விசயம், எந்த மெட்டீரியல். 1980ல வால்ட் ஜங்கும் ரிச்சர்ட் மார்ஷும் அமெரிக்க ஆடியோ பத்திரிகைல டைஎலக்ட்ரிக் அப்சார்ப்சன் பத்தி விவரமா எழுதினாங்க, கண்டென்சர் வாங்கின சார்ஜ முழுசா திருப்பிக் குடுக்காம கொஞ்சத்த உள்ள பிடிச்சு வச்சு மெல்ல விடுத குணம் அது. டெஃப்லான், பாலிஸ்டைரீன், பாலிப்ரொப்பிலீன் இதுல ரொம்ப கம்மி, பாலியஸ்டர்ல அத விட பத்து மடங்கு கிட்ட, ஆயில் பேப்பர்ல இன்னும் கூட. 2002லேந்து சிரில் பேட்மன் எலக்ட்ரானிக்ஸ் வேர்ல்டுல கண்டென்சரோட டிஸ்டார்சன அளந்தே போட்டாரு, அங்கயும் பாலியஸ்டர விட பாலிப்ரொப்பிலீன் சுத்தம். அதனால வித்தியாசமே கெடையாதுன்னு சொல்லுதவங்க கட்சில நான் இல்ல.

ஆனா அளவு முக்கியம். கண்டென்சர் தன் குணத்த காட்டணும்னா அதோட ரெண்டு முனைக்கு நடுவுல பாட்டு வோல்ட்டேஜ் விழணும். 0.1 மைக்ரோ 1000 ஹெர்ட்ஸ்ல வெறும் 1.6 கிலோ ஓம், எதிர்ல 470 கிலோ ஓம், அதனால பாட்டுல அர சதவீதம் கூட கண்டென்சர் மேல விழுறது இல்ல, அது பண்ணுத டிஸ்டார்சன் அந்த துளிக்குள்ள ஒரு துளி. 50 ஹெர்ட்ஸ்ல 32 கிலோ ஓம், அங்க 7 சதவீதம் கிட்ட விழும், அதனால வித்தியாசம் கேக்கும்னா மேல் சத்தத்த விட கீழ் சத்தத்துலதாம் கேக்க நியாயம் உண்டு. ஆயில் கண்டென்சர் போட்டா மேல் சத்தம் பட்டு மாரி ஆயிட்டுன்னு சொல்லுதவங்க இந்தக் கணக்க ஒரு தடவ போட்டுப் பாக்கலாம். என் அபிப்ராயம், புதுசா ஆரம்பிக்கிறவங்க 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் போட்டுட்டு பாட்டக் கேளுங்க, மிச்சக் காசு நல்ல வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் ஆவும். ஆயில் புடிச்சிருந்தா ஆயில் போடுங்க, தப்பில்ல, ரஷ்யாக்காரன் பழைய மிலிட்டரி ஸ்டாக் கண்டென்சர் உலோக டப்பால அடைச்சு அழகா இருக்கும். டப்பா சேசிஸ்ல உரசாம ஹீட் ஷ்ரிங்க் (சூட்டுல சுருங்குத பிளாஸ்டிக் குழாய்) போட்டு, அதயும் லீக் சோதிச்சுட்டு போடுங்க, பழசு பழசுதாம்.

எப்படி கேட்டுப் பாக்குறதுன்னா, ரெண்டு கண்டென்சர வச்சுக்கிட்டு இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு மாத்தி மாத்தி கேட்டா காது ஏமாத்தும், நடுவுல சால்டர் அடிக்கிற நேரத்துல எல்லாம் மறந்துரும். லெஃப்ட் சேனல்ல ஒரு வகை, ரைட் சேனல்ல இன்னொரு வகை போடுங்க. ரெண்டு பக்கத்துக்கும் மோனோ சிக்னல் குடுங்க. ஃபோன்ல 400 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ரெண்டு ஸ்பீக்கர் டெர்மினல்லயும் ஏசி வோல்ட் அளந்து நூத்துல ஒண்ணு வித்தியாசத்துக்குள்ள சமமாக்குங்க, இத விட்டுட்டா ஒரு பொட்டு சத்தம் கூட இருக்கதுதாம் "நல்ல கண்டென்சர்"னு தோணும். பொறவு வீட்டுல யாரயாச்சும் பேலன்ஸ் நாப்ப திருப்பச் சொல்லுங்க, நீங்க பாக்காதீங்க. ஆம்ப ஆஃப் பண்ணி ஸ்பீக்கர் ஒயர மாத்தி மாட்டி திரும்பவும் கேளுங்க, வித்தியாசம் ஒயரோட நகந்துச்சுன்னா ஆம்ப் பக்கம், ஸ்பீக்கர்லயே நின்னுச்சுன்னா ஸ்பீக்கரும் ரூமும். கேக்குறதுக்கு நான் காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரத்த போடுவேன், அந்தச் சீவாளி சத்தத்துல ஹார்மோனிக்ஸ் கொட்டிக் கெடக்கும், பின்னால தவில் கீழ்ப்பக்கத்துக்கு இருக்கு, ஒரே ரெக்கார்டுல ரெண்டு வேலையும் முடிஞ்சிரும். புது கண்டென்சர் 200 மணி நேரம் ஓடினாத்தாம் பழகும்னு விக்கிறவங்க சொல்லுவாங்க. ஃபிலிம்ல பழகுறதுக்கு ஒண்ணும் இல்ல, பழகுறது நம்ம காதுதாம்.

மாட்டும்போது ரெண்டு மூணு விசயம். சுருட்டின கண்டென்சர்ல வெளிச் சுத்து ஃபாயில் ஒரு காலோட சேந்திருக்கும், அந்தக் கால பிளேட் பக்கம் போடுங்க, அங்க இம்பீடன்ஸ் கம்மி, ஹம் புடிக்காது. சில கண்டென்சர்ல அந்தப் பக்கம் கோடு போட்டிருக்கும், ஆனா கோட்ட நம்பாதீங்க, ஆசிலோஸ்கோப் உள்ள ஃப்ரெண்டு இருந்தா கண்டென்சர கைக்குள்ள பொத்திப் புடிச்சு ப்ரோப் மாத்தி மாத்தி வச்சுப் பாருங்க, எந்தக் கால்ல கிரவுண்ட் க்ளிப் இருக்கும்போது 50 ஹெர்ட்ஸ் ஹம் கம்மியோ அதுதாம் வெளி ஃபாயில். பெரிய சைஸ் கண்டென்சர அந்தரத்துல தொங்கவிடாம டேக் போட்டுக் கட்டுங்க, ஹீட்டர் ஏசி ஒயருக்குப் பக்கத்துல படுக்க வைக்காதீங்க. பாலிஸ்டைரீன்னா சால்டர் சூட்டுல உருகிரும், காலை குறடால புடிச்சுக்கிட்டு சட்டுன்னு அடிச்சு எடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் அவுட்புட் வால்வு ஒவ்வொண்ணுக்கும் கேத்தோட் வோல்ட்டேஜ அளந்து, தேதி போட்டு சேசிஸ் உள்பக்கம் மார்க்கர்ல எழுதிருங்க. ஒரு வாரம் பாட்டு கேட்டுட்டு திரும்ப ஒரு தடவ அளந்து பாருங்க. கழட்டின பழைய ஆயில் கண்டென்சர உடச்சு உள்ள என்ன இருக்குன்னு பாக்காதீங்க, அந்தக் காலத்து ஆயில் சிலதுல விஷம் உண்டு.